எங்களுக்கு வரவேண்டிய படகுத்துறை

சாஹ்ரானி கால்வாய்
14 ஆகஸ்ட் 1995

தங்கை ருசினாவுக்கு,

எங்கள் கால்வாய் ஆற்றில் சேரும் வாயில் கட்டவேண்டிய சிமெண்டுப் படகுத்துறையை உங்கள் கால்வாய் வாயில் கட்டுகிறார்கள். இது அநியாயம். செய்வது மாவட்ட அலுவலகம். செய்யவைத்தது உன் கணவர் அம்போ தாங். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன். சொல்லவேண்டியதைச் சொன்ன பிறகு ஸலாம்: அஸ்ஸலாமு அலைக்கும்.

நேரில் வந்து கேட்டிருக்கலாமே என்பாய். நமக்கு நடுவில் இருக்கிற நிப்பாப் பனங்காட்டைச் சுற்றி ஆற்றுவழியாக வந்தால் உங்கள் துறையில்தான் இறங்கவேண்டும். அதில் நான் கால்வைக்கமாட்டேன். தேங்காய்ப் படகின் சுக்கான்காரன் இத்ருஸ் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவான். பதிலை அவனிடமே கொடு. அவனுக்குக் காபி கொடுக்காதே. குடித்தால் பேசுவான்.

எங்கள் கால்வாய் மூத்தது. அப்பா காய்ச்சலில் இறந்த வருடமே நான் வெட்டி முடித்தேன். உன் மாமனார் அப்போது பாய்மரப் படகில் இந்த ஆற்றுக்கு வந்து இறங்கக்கூட இல்லை. எங்கள் கால்வாய் வாயில் ஆற்றின் ஆழம் அதிகம். எங்களிடம் தோட்டம் அதிகம். ஆனால் எங்கள் மரத்துறையில் பெரிய படகைக் கட்டிநிறுத்த முடியாது. அது நடு ஆற்றில் நிற்க, நாங்கள் சிறுதோணியில் தேங்காயை ஏற்றிப்போய்க் கைமாற்றுகிறோம். அலை அடித்தால் கொஞ்சம் ஆற்றோடு போகிறது. அந்த நஷ்டத்தையும் வியாபாரி எங்கள் விலையில்தான் கழிக்கிறான். உன் அண்ணி மாஸ்னாவின் சித்தி வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதும் அந்தத் துறையில்தான். இதையெல்லாம் மனுவில் எழுதியிருந்தேன். மனு எழுதுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே கற்று, நானே எழுதினேன்.

அதிகாரிகள் பார்வையிட வந்தபோது அவர்களை எப்படி வரவேற்றோம் தெரியுமா? துறையில் பாதிப் பலகை இற்றுப்போயிருந்தது. விருந்தாளியை அதில் நடக்கவிடலாமா? வீட்டுக்கு ஒரு பலகை என்று கேட்டேன். ஊரே தன் முன்கூடத்துத் தரையைப் பெயர்த்துக் கொடுத்தது. எல்லாம் இரும்புமரம், கறுத்து மின்னும் பலகைகள். நடுவில் பாய் விரித்தோம். தோட்டத்திலிருந்து துறைக்கு மிதந்து வருகிற தேங்காய் அவர்கள் படகில் முட்டக்கூடாது என்று அன்றைக்குக் கால்வாயில் ஒரு தேங்காயும் மிதக்கவிடவில்லை. சிவப்பு வாத்துக் கறி, ஒட்டரிசிச் சோறு, எல்லாம் வைத்தோம். தலைமை அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாஹ்ரானி ஐயா, இந்த ஆத்துல இப்படி ஒரு துறைய நான் பாத்ததே இல்ல" என்றார். அவர்கள் போன மறுநாள்தான் பலகைகள் வீடு திரும்பின. ஒரு வீட்டுப் பலகையும் மாறிப்போகவில்லை. அப்படி நடத்தினேன்.

உங்கள் பக்கம் என்ன செய்தீர்கள் என்று இத்ருஸ் சொன்னான். ஒன்றும் செய்யவில்லையாம். உடைந்த துறையை உடைந்தபடியே விட்டிருந்தீர்களாம். அதிகாரி ஒருவர் பலகை முறிந்து இடுப்புவரை சேற்றில் இறங்கினாராம். எங்கள் விருந்தாளிகள் வாத்து தின்றார்கள், உங்கள் விருந்தாளிகள் சேறு தின்றார்கள். துறை யாருக்கு? சேறு ஊட்டியவர்களுக்கு! இதில் சூது இல்லை என்று நீ நம்பினால் நம்பிக்கொள். அந்தப் பலகையை அம்போ தாங் அடியில் அறுத்துவைத்தாரா இல்லையா என்று கேட்டு எழுது.

திறப்புவிழாவுக்கு என்னை அழைக்காதே.

உன் அண்ணன்
சாஹ்ரானி


டாயெங் கால்வாய்
23 ஆகஸ்ட் 1995

அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இத்ருசுக்குக் காபி கொடுத்தேன். பேசினான். நீங்கள் எங்கள் திசையைப் பார்த்துத் துப்புவதை நிறுத்தி, இப்போது ஆற்றில் நின்று கொண்டே திட்டுகிறீர்கள் என்றான். நல்ல முன்னேற்றம்.

கேட்கச் சொன்னீர்கள், கேட்டேன். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். "பலகையை அறுத்தீங்களா?" என்றேன். "எதுக்கு அறுக்கணும்? அது தானாவே முறியும்னு ஊருக்கே தெரியுமே" என்றார். அவ்வளவுதான். இந்த மனிதருக்குச் சூது செய்யும் சுறுசுறுப்பு இருந்தால் எங்கள் கூரை போன மழைக்கே மாறியிருக்கும்.

அந்த அதிகாரி விழுந்தது உண்மை. நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். ஒரு செருப்பு இன்னும் சேற்றுக்குள் இருக்கிறது. அவருடைய கால்சட்டையை நான்தான் அலசிக் காயப்போட்டேன். அதுவரை அம்போ தாங்கின் கட்டம்போட்ட கைலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். "அம்மா, தினமும் இதுலயா தேங்கா ஏத்துறீங்க?" என்று கேட்டார். "தேங்காய மட்டும் இல்ல தம்பி, பிள்ளத்தாச்சியையும் இதுலதான் ஏத்துறோம்" என்றேன். நாங்கள் விருந்து வைக்கவில்லை. வந்தது சந்தை நாள். வீட்டில் இருந்தது உப்புக்கருவாடும் கஞ்சியும்.

துறை எங்களுடையது என்று எழுதுகிறீர்கள். அது ஆற்றின்மேல் நிற்கிறது அண்ணா. யார் வந்தாலும் படகைக் கட்டலாம். உங்கள் தேங்காயைக் கொண்டுவாருங்கள். பெரிய படகு நேராகவே பக்கத்தில் நிற்கப்போகிறது. நடு ஆற்றில் கைமாற்ற வேண்டாம். போன வாரம் ஹம்டி வந்திருந்தான். "அத்த, நாங்களும் இங்க ஏத்தலாமா?" என்று கேட்டான். உங்கள் மகன் என்பதால் கேட்டுவிட்டுத்தான் செய்கிறான். "இது என்னடா கேள்வி?" என்று சொல்லிச் சோறு போட்டு அனுப்பினேன். நீங்களே தெரிந்துகொள்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன் என்றுதான் எழுதுகிறேன். பையனைத் திட்டாதீர்கள்.

திறப்புவிழா அடுத்த மாதம். அழைக்காதே என்றீர்கள், அழைக்கவில்லை. மாஸ்னா அண்ணியை அழைக்கிறேன்.

ருசினா


சாஹ்ரானி கால்வாய்
27 செப்டம்பர் 1995

ருசினாவுக்கு,

ஸலாம்.

என் மனைவியை என் வீட்டிலிருந்து அழைத்துப்போக நீ யார்? உடம்பு சரியில்லாத தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தோழி யார் என்று அவள் திரும்பி வந்ததும் தெரிந்தது. வாசலில் கால் கழுவும்போதே தொடங்கிவிட்டாள். "அந்தத் தரை எப்படி வழவழன்னு இருக்கு தெரியுமா? செருப்பக் கையில எடுத்துக்கிட்டு இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன்." நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். "ரெண்டு தடவ நடந்தேன்" என்றாள். சாப்பிடும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிச் சொன்னாள். படுக்கும்போது படிக்கட்டைப் பற்றி. நாற்பது வருடம் என் வீட்டுத் தரையில் நடந்தவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உங்கள் துறையில் விளக்கு வைத்திருக்கிறீர்கள். ஜெனரேட்டர் விளக்கு. நிப்பா காட்டுக்கு மேலே அதன் வெளிச்சம் தெரிகிறது. தலைமாட்டில் தெரிகிறதே என்று படுக்கையைத் திருப்பிப் போட்டேன். இப்போது கால்மாட்டில் தெரிகிறது. தேங்காய்ப் படகின் சங்கு முன்பு எங்கள் வாயில் ஊதும். இப்போது காட்டுக்கு அந்தப் பக்கம் ஊதுகிறது. எங்கள் நாய்கள் அந்தத் திசையைப் பார்த்துக் குரைக்கின்றன. நான் பொறாமைப்படுகிறேன் என்று உன் வீட்டில் சிரிப்பீர்கள். ஆமாம், படுகிறேன். என்னுடையதை இன்னொருவன் கையில் பார்க்கிறவன் வேறென்ன படுவான்?

ஆனால் இதையெல்லாம் பொறுத்தேன். ஹம்டி செய்ததைப் பொறுக்கமாட்டேன். தன் தேங்காயை மூங்கில் வளையத்தில் அடைத்து, ஆற்றுநீர் இறங்கும் வற்றம் தொடங்கிய நேரத்தில் கால்வாய் வாயைத் தாண்டவிட்டு, கரையோரமாகவே இழுத்துக்கொண்டு உங்கள் துறைக்குப் போயிருக்கிறான். பட்டப்பகலில். ஊர் பார்க்க. அவன் பின்னால் இன்னும் மூன்று வீட்டார். "ஏன்டா போன?" என்று கேட்டேன். "தேங்காய்க்கு உங்க சண்ட தெரியாதுப்பா, அது தண்ணி போற பக்கம் போகுது" என்றான். கால்வாய்த் தலைவன் மகன் பேசுகிற பேச்சா இது?

ஆகவே கால்வாய் வாயில் குறுக்கே ஒரு பெருமரத்தைப் போட்டுச் சங்கிலியால் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. நம் பழைய வியாபாரியின் தோணி வரும்போது மட்டும் திறப்பேன். எங்கள் தேங்காய் எங்கள் துறையில்தான் ஏறும். எல்லோரும் உங்களிடம் வந்து ஏற்றிவிட்டால் அலுவலகம் எங்களுக்கு எதற்காக இன்னொரு துறை கட்டும்? "சாஹ்ரானி கால்வாயா, அவங்களுக்குத்தான் வேலை நடக்குதே" என்பார்கள். எங்களுக்கென்று ஒன்று வரும்வரை நாங்கள் கஷ்டப்படத்தான் வேண்டும், கஷ்டம் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். இதை நான் யோசித்துத்தான் செய்கிறேன்.

சாஹ்ரானி


டாயெங் கால்வாய்
2 நவம்பர் 1995

அண்ணனுக்கு,

ஸலாம். ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினால் இதைச் சொல்லவேண்டி வருமே என்றுதான். இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

கஷ்டம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிகாரிகள் வந்த அன்று ஏன் அண்ணா அதைப் பாய் போட்டு மூடினீர்கள்?

திறப்புவிழாவன்று, சேற்றில் விழுந்த அந்த அதிகாரியிடம் நானே கேட்டேன். "எங்க அண்ணன் ஊருக்கு ஏன் குடுக்கல?" அவர் ஆச்சரியப்பட்டார். "அங்க எதுக்கும்மா? முழுக்க இரும்புமரம். பத்து வருஷம் தாங்கும். படகுப் போக்குவரத்தும் இல்ல, ஒரு தேங்காகூட மிதக்கல. நல்லா இருக்கு, அவசரமில்லன்னு எழுதிட்டோம்" என்றார். உங்கள் ஊர் வீடுகளின் முன்கூடத்தைத்தான் அவர் மிதித்துவிட்டுப் போனார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்தவள்தானே நானும்.

இதை எழுதும்போது சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அம்போ தாங்கின் மேல் பழியைப் போடாதீர்கள்.

பொறாமையைப் பற்றி எழுதினீர்கள். என்னுடையதையும் கேளுங்கள். நம் கால்வாயை வெட்டியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் வெட்டினீர்கள். வெட்டிய சேற்றை ஓலைக்கூடையில் தலையில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோனது யார்? முடி முழுக்கச் சேறு காய்ந்து, அம்மா சிரைத்தே விட்டாள். முதல் வெட்டு போட்டவன் பெயர்தான் கால்வாய்க்கு என்பது வழக்கம். நீங்கள் போட்டீர்கள், பெயர் உங்களுக்கு. கட்டிக்கொண்டு வந்தேன், இங்கே மாமனார் பெயர். கடிதத்தின் தலைப்பில் நீங்கள் 'சாஹ்ரானி கால்வாய்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை அரிக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருநாள் சொன்னதில்லை. இப்போது நீங்கள் ஒரு சிமெண்டுத் தரைக்காக இவ்வளவு எழுதுவதால் சொல்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். அந்த மரத்தை எடுங்கள். டிசம்பர் பெருநீர் வரப்போகிறது. கடல் உள்ளே தள்ளி ஆறு ஏறும்போது நிப்பா மட்டையும் குலையும் காட்டுமரமும் அடித்துக்கொண்டு வரும். எல்லாம் உங்கள் மரத்தில் சிக்கும். ஏறிய உப்புத்தண்ணீர் வற்றத்தில் வெளியே போக வழி இருக்காது. உங்கள் கரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஹம்டி வீட்டுப் பின்னால் கரை இடுப்பு உயரம்கூட இல்லை. தேங்காய்க்காக என்னோடு சண்டை போடுங்கள். தென்னைக்கு உப்பு வைக்காதீர்கள்.

ருசினா


சாஹ்ரானி கால்வாய்
20 நவம்பர் 1995

ருசினாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். மாஸ்னாவிடம் காட்டவில்லை.

விருந்தாளியை இற்றுப்போன பலகையில் நடக்கவிடுவது உங்கள் ஊர் முறையாக இருக்கலாம். எங்கள் முறை அதுவல்ல. நாளையே திரும்ப வந்தாலும் அப்படித்தான் செய்வேன். பார்வையிட வருகிறவனுக்குப் பாயைத் தூக்கிப் பார்க்கத் தெரியவேண்டும். அது அவன் வேலை. என் வேலை வரவேற்பது. எனக்கு அநியாயம் நடந்தது நடந்ததுதான். அது யாரால் என்பதை மட்டும் நீ மாற்றிச் சொல்கிறாய்.

சேறு சுமந்ததைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்தில் எல்லோரும்தான் சுமந்தார்கள்.

மரத்தைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்காதே. உன்னைவிட முப்பது பெருநீர் அதிகமாகப் பார்த்தவன் நான் என்று எழுத வந்தேன். எட்டு என்று திருத்திக்கொள். எட்டானாலும் அதிகம்தான். மரம் இருக்கும்.

சாஹ்ரானி


டாயெங் கால்வாய்
16 டிசம்பர் 1995

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கரை உடைப்பை அடைத்துவிட்டு எல்லோரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அம்போ தாங்குக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குப்புறப் படுத்துக்கொண்டே எல்லோருக்கும் வேலை சொல்கிறார். எங்கள் ஆட்களின் மண்வெட்டிகள் கொஞ்சம் அங்கேயே இருக்கின்றன. இத்ருசிடம் கொடுத்தனுப்புங்கள். அவசரமில்லை.

தண்ணீர் எவ்வளவு வடிந்தது? உடைப்பை அடைத்த இடத்தில் இன்னும் ஒரு வரிசை மூங்கில் அடிக்கவேண்டும் என்கிறார் இவர். இரண்டு நாள் தேங்கியதோடு போயிற்று, மரங்கள் பிழைத்துவிடும், ஆனால் குரும்பை உதிரும் என்கிறார். ஹம்டி வீட்டுப் பின்னால் இருக்கிற பதினைந்து இருபது மரம்தான் சந்தேகம்.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. எங்கள் படகுகள் உங்கள் கால்வாய் வாய்க்கு வந்தபோது விடிந்து கொஞ்சநேரம் ஆகியிருந்தது. பூட்டுக்குக் கை எட்டாதபடி மரத்தில் குப்பை வீட்டுச்சுவர் மாதிரி நின்றது. நீங்கள் மார்பளவு தண்ணீரில் நின்று ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தீர்கள். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. எல்லோரும் உடைப்பில் இருந்தார்கள். அம்போ தாங் குதித்து மறுமுனையைப் பிடித்தார். அதைப் பார்த்தேன். நீங்கள் இருவரும் அதைப்பற்றி எப்போதும் பேசப்போவதில்லை என்று தெரியும். அதனால் நான் எழுதிவைக்கிறேன்.

இப்போது வேலை விஷயம். அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. கரை உடைந்த செய்தி போயிருக்கிறது. அடுத்த வருடம் இந்தப் பக்கத்துக்கு ஒரு மதகு தருவார்களாம். இரண்டு கால்வாய்க்காரர்களும் சேர்ந்து கேட்டால் முதலில் கிடைக்கும். தனித்தனியாகக் கேட்டால் வரிசையில் நிற்கவேண்டும். பெருநாள் கழித்துப் பார்வையிட வருகிறார்கள். மதகு உங்கள் வாயில் வரட்டும், எங்களுக்கு அவ்வளவு அவசரமில்லை என்று இவர் சொல்லிவிட்டார். பதிலுக்கு ஒன்று. நிப்பா காட்டின் குறுக்கே ஓர் இணைப்புக் கால்வாய் வெட்டுவோம். உங்கள் தேங்காய் ஆற்றுக்கே போகாமல் உள்ளுக்குள்ளேயே மிதந்து துறைக்கு வந்துவிடும். துறை உங்களிடம் வராது அண்ணா, அது சிமெண்டு. நீங்கள்தான் அதனிடம் வரவேண்டும். இதை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் மாட்டேன் என்றால் மனு தனித்தனியாகத்தான் போகும். அடுத்த டிசம்பரும் வரும்.

அதோடு இன்னொன்று. அந்தக் கால்வாயின் முதல் வெட்டை உங்களுக்கு விட்டுக்கொடுக்கலாம், மூத்தவர் மனம் குளிரட்டும் என்று இவர் சொல்கிறார். இவர் சொல்வார். நான் சொல்லமாட்டேன். இந்த முறை நான் கூடை தூக்கமாட்டேன்.

ருசினா


சாஹ்ரானி கால்வாய்
3 ஜனவரி 1996

தங்கை ருசினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த முறை ஸலாம் முதலில்.

மண்வெட்டிகள் இத்ருசிடம் வருகின்றன. கழுவி எண்ணெய் போட்டிருக்கிறேன். உங்கள் ஆட்களின் மண்வெட்டி எங்களுடையதைவிட இலேசாக இருக்கிறது, அலகு அகலம். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டு எழுது. நான் வாங்கப்போவதில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உங்கள் பெண்கள் வாழையிலையில் கட்டிக்கொண்டுவந்த தேங்காய்ப்பால் சோற்றைப் பற்றி எங்கள் ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை. "அவங்க பொட்டலம் ரெண்டு நாள் ஆனாலும் கெடல" என்று மசூதியில்கூடப் பேசுகிறார்கள். உதவி கேட்டு நான் ஆள் அனுப்பவில்லை. அழைக்காமல் வந்தீர்கள், உங்கள் சோற்றை நீங்களே கொண்டுவந்தீர்கள், எங்கள் கையால் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் வேலையை முடித்துவிட்டுப் போனீர்கள். இதுவும் ஒரு அவமானம்தான். இதை நான் மறக்கமாட்டேன்.

ஹம்டி தன் வீட்டுப் பின்னால் குரும்பைகளைக் கூட்டிக் குவித்திருக்கிறான். குவியல் அவன் முழங்கால் உயரம். நான் போய்ப் பார்த்தேன். என்னை ஒன்றும் சொல்லவில்லை அவன். சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன். பெருக்குமாறை இன்னொரு கையில் மாற்றிக்கொண்டு, "உக்காருங்கப்பா" என்றான். உட்கார்ந்தேன்.

பத்து நாள் யோசித்தேன். துறை எங்களுக்கு வந்திருக்கவேண்டியது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, சாகும்வரை சொல்வேன். ஆனால் தேங்காய் அதுவரை காத்திருக்காது. ஆகவே இணைப்புக் கால்வாய் வெட்டப்படும். யார் யார் என்ன செய்யவேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன். நோன்பு தொடங்குமுன் தொடங்கியாகவேண்டும். இதில் திருத்தம் எதுவும் ஏற்கமாட்டேன்.

அம்போ தாங்: முதுகு சரியானதும் நிப்பா காட்டில் நேர்கோடு போடவேண்டும். அந்த வேலையில் அவர் கண் என் கண்ணைவிட நல்லது. இதை அவரிடம் படித்துக்காட்ட வேண்டாம்.

எங்கள் ஆட்கள்: காட்டின் மேல்பாதியை வெட்டவேண்டும். உங்கள் ஆட்கள்: கீழ்ப்பாதி. எங்கள் ஆட்கள் முதலில் முடிப்பார்கள்.

மாஸ்னா: எல்லா நாளும், இரண்டு ஊருக்கும் சமைக்கவேண்டும். அவள் கேட்டுக்கொண்டது. உங்கள் பெண்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புவேன். ஒரே ஒரு நாள் கொண்டுவரலாம், எப்படிக் கட்டுவது என்று அவளுக்குக் காட்ட.

ஹம்டி: கூட்டு மனுவை அவன் எழுதவேண்டும். நான் எழுதினால் நீளும். அதில் குரும்பைக் குவியலையும், கரையின் உண்மையான உயரத்தையும் எழுதவேண்டும். கையெழுத்து நானும் அம்போ தாங்கும். மேலே கீழே வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில். அதிகாரிகள் வந்தால் அவன்தான் அழைத்துப்போய்க் காட்டவேண்டும். உடைந்த இடத்தை உடைந்தபடி. ஆளுக்கு ஒரு தேநீர் போதும்.

மாவட்ட அலுவலகம்: மதகை அடுத்த டிசம்பருக்கு முன் கட்டவேண்டும். எங்கள் வாய்க்கும் உங்கள் வாய்க்கும் நடுவில் முழுநீளத்துக்குக் கரையை உயர்த்தவேண்டும். கட்டியதை வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கவும் வேண்டும். இதையும் ஹம்டி எழுதட்டும்.

இத்ருஸ்: வாயை மூடிக்கொண்டு சங்கிலியையும் பழைய மரத்தின் துண்டுகளையும் எங்காவது ஆழத்தில் போட்டுவிடவேண்டும்.

நீ: வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, காலை வற்றத்தில், எங்கள் பக்கத்துக் காட்டோரம் வந்துசேரவேண்டும். கூடை கொண்டுவராதே. மண்வெட்டி கொண்டுவா, அந்த அகல அலகு உள்ளது. முதல் வெட்டு உன்னுடையது. அதன்பிறகு அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று வழக்கம் சொல்லும், நான் சொல்லவேண்டியதில்லை.

நான்: நீ வெட்டிய முதல் கூடைச் சேற்றைக் கரைக்குக் கொண்டுபோகவேண்டும். அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருக்கவும் வேண்டும். என் வாயை மூடிவைக்க யார் பொறுப்பு என்று எழுதவில்லை. மாஸ்னா தானாக முன்வந்திருக்கிறாள்.

உன் அண்ணன்
சாஹ்ரானி